எட்டுப் பேர், ஒரு லட்ச ரூபாய்: இளையோர் பணியாளர்களுக்கு எந்தக் கணினிப் பயிற்சி?

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த இடங்கள். குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஊர்ப் பேச்சில் இன்னமும் ஹவுசிங் போர்டுதான். சாலையில் வரிசையாக ஐடி கட்டடங்கள். அவற்றுக்குள் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலைக்கு இந்தக் குடியிருப்புகளிலிருந்து ஆள் போகிறார்கள். கணினி முன் உட்காரும் வேலைக்குப் போகிறவர்கள் குறைவு.

அங்கே மாலை மையம் ஒன்றை நடத்தும் சின்ன அமைப்பை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பணியாளர்கள். பெரும்பாலும் அதே பிளாக்குகளில் வளர்ந்த, இருபதுகளில் இருக்கும் பெண்களும் ஆண்களும். பிள்ளைகள் அக்கா, அண்ணா என்று கூப்பிடுவார்கள். மாதச் சம்பளம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் கிடையாது, ஊக்கத்தொகைதான். (அரசின் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கே மாதம் 1,000 ரூபாய்தான் கொடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) மையத்துக்கு வரும் 15 முதல் 22 வயது வரையிலான இளையோருக்கு இந்த எட்டுப் பேரும் டிஜிட்டல் திறன் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் இவர்களுக்குப் பயிற்சி வேண்டும். கையில் ஒரு லட்ச ரூபாய், நான்கு மாத அவகாசம்.

இந்த நிலையில் இருப்பவர்கள் பொதுவாக நாலு வழிகளை யோசிக்கிறார்கள். சான்றிதழ் படிப்பில் சேர்ப்பது, இலவச இணையப் பாடங்களைப் பார்க்கச் சொல்வது, வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து மூன்று நாள் பட்டறை நடத்துவது, அனுபவமுள்ள ஒருவரை மையத்திலேயே கூட உட்காரவைத்து வேலையோடு வேலையாகப் பழக்குவது. என் தேர்வு நாலாவது. ஆனால் மற்ற மூன்றும் வீண் என்று சொல்ல மாட்டேன். எதை எதற்கு வைத்துக்கொள்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இடையில் ஐந்தாவதாக ஒரு குரல் எப்போதும் கேட்கும்: "இந்தப் பணத்துக்கு நாலு பழைய லேப்டாப் வாங்கிப் போட்டால் பசங்களே கத்துக்குவாங்களே?" 1999இல் டெல்லி கல்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்த சுகதா மித்ராவின் சோதனைதான் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். குழந்தைகள் தாங்களே மவுஸைப் பிடித்துப் பழகினார்கள் என்பது உண்மை. ஆனால் நம்மிடம் வருகிற பிள்ளைகளின் சிக்கல் மவுஸ் பிடிப்பதில் இல்லை. அதனால் அந்த வாதத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன தெரியாது?

எந்தப் பயிற்சி என்று முடிவெடுக்கும் முன் இதைப் பார்த்தாக வேண்டும். இதைப் பார்க்காமல் எடுக்கிற முடிவு கடைசியில் எம்எஸ் ஆபீஸில் போய் நிற்கும்.

ஸ்விக்கி, சொமாட்டோ ஓட்டுகிற 20 வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மேப், வாலெட், ரேட்டிங், இன்சென்டிவ் கணக்கு எல்லாம் அவனுக்கு அத்துப்படி. உங்கள் பணியாளரை விட அவனுக்கு ஆப் நன்றாகத் தெரியும். அவனிடம் ஒரு ரெஸ்யூமை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், சப்ஜெக்ட் வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் திணறுவான். அவனுக்கு டிஜிட்டல் அறிவே இல்லை என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் அவன் வரமாட்டான்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. கல்வி நிலையை ஆய்வு செய்யும் அசர் (ASER) அமைப்பு 2023இல் ஊரகப் பகுதிகளின் 14 முதல் 18 வயதினரிடம் எடுத்த கணக்கில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேரிடம் சொந்த போன் இருந்தது. பெண்களில் 19.8 சதவீதம்தான். அது கிராமக் கணக்கு, பெரும்பாக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அண்ணன் போன், அப்பா போன் என்று கடன் வாங்கிப் பார்க்கும் பெண்கள் ஹவுசிங் போர்டிலும் உண்டு. வேறொருவர் போனில் பாஸ்வேர்டு வைத்துக்கொள்வது, வெளியேறும்போது மறக்காமல் லாக்அவுட் செய்வது, ஓடிபி வரும் எண் யாருடையது என்று யோசிப்பது எல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை.

அப்புறம் இருக்கிறது விண்ணப்பப் படிவம் என்ற பூதம். கல்வி உதவித்தொகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், பொறியியல் கலந்தாய்வு, வேலைவாய்ப்பகப் பதிவு, சாதிச் சான்றிதழ் எல்லாமே இப்போது இணையத்தில்தான். இதில் பிள்ளைகள் எங்கே மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஆதாரில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள் என்று கணினி ஒப்புக்கொள்ளாது. ஆதாரோடு இணைத்த செல்பேசி எண் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போய் வேறு யாருக்கோ போயிருக்கும், ஓடிபி அவருக்குப் போகும். வங்கிக் கணக்கு இருக்கும், ஆனால் உதவித்தொகை வந்து சேரும்படி ஆதார் அதில் இணைக்கப்பட்டிருக்காது. புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும், போனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும். கடைசித் தேதி அன்று சாயங்காலம் தளம் திணறும். இதனால்தான் பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய்ப் பணம் கொடுத்து யாரையாவது நிரப்பச் சொல்கிறார்கள். அங்கே அவர் தன் சொந்த மின்னஞ்சலையே போட்டு நிரப்பிவிடுவார், பாஸ்வேர்டும் அவரிடமே தங்கிவிடும். அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும் என்று வரும்போது கணக்குக்குள் நுழையவே முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் டிஜ்காம்ப் என்ற பெயரில் டிஜிட்டல் திறன்களை 5 பகுதிகள், 21 திறன்கள் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. 2013இல் தொடங்கி, அவ்வப்போது திருத்திவரும் பட்டியல். நல்ல பட்டியல்தான், பாதுகாப்பையும் சிக்கல் தீர்ப்பதையும் தனித்தனிப் பகுதிகளாகவே வைத்திருக்கிறார்கள். எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்க நானும் அதைப் பயன்படுத்துவேன். ஆனால் நம் இன்ஷியல் தொல்லைக்கு அதில் இடம் இருக்காது இல்லையா? உள்ளூர்ப் பட்டியலை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஆபத்துகள். டெலிகிராமில் "ரிவ்யூ எழுதினால் நாளுக்கு ஆயிரம்" என்று ஆரம்பித்துப் பணத்தைப் பிடுங்கும் வேலை மோசடி, கடன் ஆப், இன்ஸ்டாகிராமில் படத்தை வைத்து மிரட்டுவது. 2022இல் ஐடி வேலை என்று சமூக ஊடகம் வழியாக ஆசைகாட்டப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும். இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

சான்றிதழ் படிப்பு

நன்கொடையாளர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். "எட்டுப் பேர் தேர்ச்சி" என்று அறிக்கையில் எழுதலாம், படமும் போடலாம்.

மத்திய அரசின் நீலிட் நிறுவனத்தின் சிசிசி படிப்பு 80 மணி நேரம். ஐம்பது மணி செய்முறை, மீதி பாடம். ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று லிப்ரே ஆபீஸ் முழுக்க வரும். மின்னஞ்சல், இணையப் பணப் பரிமாற்றம், சைபர் பாதுகாப்பு பற்றியும் கொஞ்சம் வரும். தேர்வு 90 நிமிடத்தில் 100 கொள்குறி வினாக்கள். பாடத்திட்டத்தில் ஒழுங்கு இருக்கிறது. கணினியையே அதிகம் தொடாத பணியாளருக்கு இது அடித்தளம் போடும், அதை மறுக்க முடியாது. இதைவிடச் சின்னது வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் பிசிசி 36 மணி நேரம்.

குறை எங்கே என்றால், இந்தப் படிப்பு ஒருவரைக் கணினி பயன்படுத்துபவராக ஆக்கும். இன்னொருவருக்குச் சொல்லித்தருபவராக ஆக்காது. மேலே சொன்ன பட்டியலில் பாதிக்கு மேல் அதில் இல்லை. எல்லாமே மேசைக் கணினியை வைத்து நடக்கும், நம் பிள்ளைகளின் உலகமோ போனில் இருக்கிறது. தேர்வை நோக்கிப் படிப்பதால் கொள்குறி வினாவுக்கு விடை தெரிந்துவிடும், அட்டாச்மென்ட் 25 எம்பி தாண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தெரியாது.

பெரிய அளவில் இது எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2017இல் மத்திய அரசு ஊரகக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தின் இலக்கு 6 கோடிப் பேர், பாடம் 20 மணி நேரம். 2024 மார்ச்சுக்குள் 6.39 கோடிப் பேருக்குப் பயிற்சி கொடுத்தாகிவிட்டது என்று அரசே சொன்னது. இலக்கைத் தாண்டியாயிற்று. ஆனால் இ-சேவை மையத்து வரிசை எந்த ஊரிலாவது காணாமல் போயிற்றா? பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணுவது சுலபம், தானே செய்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் கஷ்டம்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த வழிக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். பணியாளர்களும் இளைஞர்கள்தான். இந்த ஊக்கத்தொகையிலேயே அவர்கள் வாழ்நாள் முழுக்க இருக்கப்போவதில்லை. ஒரு சான்றிதழ் அவர்களின் அடுத்த வேலைக்கு உதவும் என்றால் அதற்காகவே கொடுக்கலாம். ஆனால் அப்போது எந்தச் சான்றிதழ் என்று அவர்களிடமே கேளுங்கள். தமிழ்நாடு அரசின் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்குக் கேட்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சிஓஏ என்ற அலுவலகக் கணினிப் பயன்பாட்டுச் சான்றிதழை. டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணை சிசிசியில் சேர்த்துவிட்டு "உன் நல்லதுக்குத்தான்" என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

இணையப் பாடங்கள்

இலவசம். அதனாலேயே சந்தேகத்தோடு பார்க்கப்படுவது. என் பார்வையில், இதில் ஒன்று மட்டும் தனியாகப் பேச வேண்டிய அளவுக்கு நல்லது: மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய திட்டம். ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிட வீடியோ. ஆசிரியர் இல்லாமல் தனியாக உட்கார்ந்து கற்பவருக்காகவே எழுதப்பட்டவை. தமிழிலும் ஒலி உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது, திரையை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றியிருப்பது. திரையில் மெனு எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், விளக்குகிற குரல் மட்டும் தமிழ். பிள்ளைகள் வேலைக்குப் போனாலும் படிவம் நிரப்பினாலும் அவர்கள் பார்க்கப்போவது ஆங்கிலத் திரைதான். மெனுவையும் தமிழாக்கி "கோப்பு, திருத்து, காண்" என்று பழக்கிவிட்டு வெளியே அனுப்பினால் அங்கே போய் முழிப்பார்கள். இந்த முடிவை எடுத்தவர்கள் கற்பவரை நன்றாக அறிந்தவர்கள்.

ஒரு பக்கம் வீடியோ, இன்னொரு பக்கம் மென்பொருள். கொஞ்சம் பார், நிறுத்து, செய், ஒப்பிட்டுப் பார் என்பதுதான் அதன் முறை. பணியாளர் அதிலிருந்து பாடத்தைவிட இந்த முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடமும் அதையே செய்யலாம்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் இதையே வைத்துக்கொள்ளலாமே? முடியாததற்கு இரண்டு காரணம். ஒன்று, தானாகப் பார்த்து முடிப்பவர்கள் குறைவு. பகலில் கல்லூரியோ இன்னொரு வேலையோ, மாலையில் மையம், இரவில் வீட்டில் ஒற்றை அறையில் ஐந்து பேர். பொறுப்பில்லை என்று இவர்களைத் திட்டுவது அநியாயம். மையத்தில் நேரம் ஒதுக்கிக்கொடுத்தால் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, மென்பொருளுக்குப் பாடம் இருக்கிறது. மிரட்டல் மெசேஜைக் கையில் வைத்துக்கொண்டு அழும் பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வீடியோ கிடையாது.

மூன்று நாள் பட்டறை

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் மூன்று நாளும் உற்சாகமாகப் போகும். குழு விளையாட்டு, சார்ட் பேப்பர், மதியம் பிரியாணி, கடைசி நாளில் குரூப் போட்டோ. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் விளையாட்டுதான் ஞாபகம் இருக்கும். எட்டுப் பேரில் இருவரை மட்டும் அனுப்பி, அவர்கள் வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று செய்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்ந்து, கடைசியில் பிள்ளைக்கு வந்து சேர்வது ஒரு ஜெராக்ஸ் தாள்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்கு வெளியாள் கட்டாயம் வேண்டும், அதற்கு மூன்று நாள்கூட வேண்டாம், ஒரு முழு நாள் போதும். இணையப் பாதுகாப்பும் சட்டமும்தான் அது. இதைப் பணியாளர்களே பார்த்துப் படித்துக்கொள்ளட்டும் என்று விடக்கூடாது.

ஏன் என்று விளக்குகிறேன். 16 வயதுப் பெண் ஒருத்தி, தன் படத்தை வெட்டி ஒட்டி ஒருவன் மிரட்டுகிறான் என்று மையத்து அக்காவிடம் காட்டுகிறாள். அக்கா நல்ல எண்ணத்தோடு என்ன செய்வாள்? "எல்லாத்தையும் டெலிட் பண்ணு, அவனை பிளாக் பண்ணு, வீட்டில் சொல்லாதே, நான் பார்த்துக்கிறேன்." நாலுமே தப்பு. அழித்தால் சாட்சியம் போய்விடும். அதைவிட முக்கியமாக, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மீதான பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காமல் இருப்பதற்கே 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அமைப்பின் பொறுப்பில் இருப்பவருக்கு அதிலும் கூடுதல். பணியாளருக்கு இது தெரியாமல் டிஜிட்டல் மையம் நடத்துவது அவருக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

1098 குழந்தைகள் உதவி எண், பண மோசடிக்கு 1930, சைபர் குற்றப் புகாருக்கான தேசிய இணையதளம், இவையெல்லாம் சுவரில் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. யாராவது கூட இருந்து, புகார்ப் பக்கத்தைத் திறந்து, எந்த விவரங்கள் கேட்கும் என்று காட்ட வேண்டும். பணம் போன உடனே, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே 1930ஐ அழைத்தால்தான் அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை, கைரேகை மாதிரி அந்தப் படத்துக்கே உரிய ஓர் எண் (ஹாஷ்) மட்டும் போனிலேயே உருவாகி அங்கே போகும். இதையெல்லாம் சொல்ல, குழந்தைகள் வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரையும் சைபர் பிரிவில் வேலை பார்த்த ஒருவரையும் ஒரு நாள் வரவழைத்தால் போதும். பட்டறைப் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

கூட உட்கார்ந்து பழக்குவது

நாலாவது வழி பார்க்க எளிமையாக இருக்கும். இளையோரோடு வேலை செய்த அனுபவமும் கணினி அறிவும் உள்ள ஒருவர் வாரம் இரண்டு மாலை மையத்துக்கு வருகிறார். ஒரு மாலை பிள்ளைகள் இருக்கும் நேரத்தில், பணியாளர்கள் எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். இன்னொரு மாலை பணியாளர்களோடு மட்டும் இரண்டு மணி நேரம். அந்த வாரம் என்ன வந்தது, எங்கே மாட்டினோம் என்று அன்று பேசுகிறார்கள். பாடத்திட்டம் இந்தப் பேச்சிலிருந்தே உருவாகும். ஒரு வாரம் இன்ஷியல் சிக்கல், அடுத்த வாரம் 50 கேபி படம், இன்னொரு வாரம் ரெஸ்யூமில் முகவரி. கண்ணகி நகர் என்று போட்டால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பிள்ளைகள் சொல்வது கற்பனையான பயம் இல்லை. அதற்குப் பணியாளர் என்ன பதில் சொல்வார் என்பதும் இந்தப் பயிற்சியில் வர வேண்டும்.

பக்கத்தில் உட்காருகிறவர் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது, பணியாளரின் கை. பிள்ளை தடுமாறும்போது நம் கை தானாக மவுஸுக்குப் போகும், போனைப் பிடுங்கி நாமே தட்டிக் கொடுப்போம். வேலை ஒரு நிமிடத்தில் முடியும், பிள்ளை ஒன்றும் கற்றிருக்காது. பிரவுசிங் சென்டர்காரர் செய்வதும் இதைத்தான், நாம் காசு வாங்குவதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். கையைக் கட்டிக்கொண்டு "இப்ப என்ன கேக்குது, படிச்சுப் பாரு" என்று சொல்லக் கற்பதற்கு எந்தச் சான்றிதழ் படிப்பிலும் பாடம் இல்லை. ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் நமக்கே தெரியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த முறை ஒன்றும் இல்லை. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. நடத்தியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், அவர்களில் பெண்கள் நிறைய. மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் இணையத்தில் கிடைத்த அலை உயர விவரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியில் என்னவெல்லாம் முடியும் என்று ஆரம்பித்திருந்தால் அது நடந்திருக்காது. நாளைக் காலை கடலுக்குப் போகலாமா என்ற ஊரின் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்கள், அதற்குத் தேவையான கணினியைக் கற்றார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லாம் அந்த ஓர் ஆளைப் பொறுத்தது. கணினி நன்றாகத் தெரிந்து, பிள்ளைகளை மட்டம் தட்டாமல், பெண்கள் தயங்காமல் பேசக்கூடிய ஆள் கிடைப்பது கஷ்டம். ஐடி நிறுவனங்களின் சமூகப் பொறுப்புத் திட்டத்தில் சனிக்கிழமை வரும் தன்னார்வலர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் நான்கு மாதம் விடாமல் வருவார்கள் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது. பணம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் தேடும்போது ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்திலும் விசாரிக்கலாம், இளையோர் பணியை ஒரு துறையாகவே கற்பிக்கும் இடம் அது. சமூகப்பணி படித்த, கணினியில் கை தேர்ந்த ஒருவர் கிடைத்தால், வெறும் மென்பொருள் பொறியாளரைவிட அவரே மேல். விட்டுப்போன மென்பொருளை ஸ்போக்கன் டுடோரியலில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறை, அறிக்கையில் எழுதுவதற்கு இது அழகாக இருக்காது. "பக்கத்தில் உட்கார்ந்தோம்" என்று நன்கொடையாளருக்கு எழுத முடியுமா? எண்ணிக்கைதான் வேண்டும் என்றால், எத்தனை பிள்ளைகள் தங்கள் சொந்த மின்னஞ்சலில், தங்கள் சொந்தக் கையால் விண்ணப்பத்தை முடித்தார்கள் என்று எண்ணிக் கொடுங்கள். நியாயமான நன்கொடையாளர் ஏற்றுக்கொள்வார்.

பணக் கணக்கு

நாலாவது வழி அதிகச் செலவு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வராது. பணியாளரின் நேரத்தையும் செலவாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம், அதனால்தான் அப்படித் தோன்றுகிறது. மணிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சிசிசிக்கு 80 மணி நேரம், எட்டுப் பேர்: 64,000 ரூபாய். தேர்வுக் கட்டணம் தலைக்கு வரியோடு 590 என்று வைத்தால் 4,720. மொத்தம் 68,720, இதில் பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணம் சேரவில்லை, அது இடத்துக்கு இடம் மாறும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் 40 நாள். அதுவும் மாலையில் என்றால் அந்த 40 நாளும் மையத்தைப் பூட்ட வேண்டும். பிள்ளைகளுக்கான மையத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளுக்காகப் படிப்பது எனக்கு ஒப்பவில்லை.

கூட உட்காருபவருக்கு ஒரு மாலைக்கு 1,500 ரூபாய், வாரம் இரண்டு மாலை, 16 வாரம்: 48,000. பணியாளர்களின் கூட்ட நேரம் வாரம் இரண்டு மணி, 16 வாரம், எட்டுப் பேர்: 25,600. மொத்தம் 73,600. மற்ற மாலை எப்படியும் மையம் நடக்கும் நேரம்தான், தனிச் செலவு இல்லை. ஒரு லட்சத்தில் மீதி 26,400. சட்ட நாளுக்கு வருபவர்களின் மதிப்பூதியமும் சாப்பாடும் போக, நான்கு மாத இன்டர்நெட், நல்ல ஹெட்போன் சில, கூட்ட நாளில் அரைமணி முன்பே வந்து ஸ்போக்கன் டுடோரியல் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் ஊக்கத்தொகை என்று போய்விடும். இந்தக் கடைசிச் செலவை வெட்டாதீர்கள். நேரத்துக்குக் காசு கொடுக்காமல் "ஆர்வம் இருந்தால் பார்ப்பாங்க" என்று சொல்வது வசதி உள்ளவர்கள் பேசுகிற பேச்சு.

எப்போது வேறு வழி?

உங்கள் பணியாளர்களில் பாதிப் பேருக்குக் கணினியை இயக்கவே தெரியாது என்றால் என் கணக்கு மாறும். அவர்களை மட்டும் முதலில் பிசிசி போன்ற சின்னப் படிப்பில் சேர்த்துவிட்டு, அப்புறம் மற்றதைத் தொடங்கலாம். மையம் ஊருக்கு மிகவும் தள்ளி, வாரம் இருமுறை வர ஆள் கிடைக்காத இடமாக இருந்தால் கூட உட்காருவதை மாதம் இரண்டு நாளாகக் குறைத்து, நடுவில் வீடியோ அழைப்பில் கூட்டம் வைக்கலாம். அவ்வளவு நன்றாக இருக்காது, பட்டறையைவிட மேல். பணியாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள் என்றால், எட்டுப் பேருக்கும் சமமாகச் செலவு செய்யாமல், தங்கியிருக்கப் போகிற மூன்று பேரை ஆழமாகப் பழக்கி அவர்களையே அடுத்த வருடத்தின் "கூட உட்காருபவர்" ஆக்குவது நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரம் மையத்தில் ஒரு நோட்டைத் திறந்து வையுங்கள். போனோ கணினியோ சம்பந்தமாகப் பிள்ளை என்ன கேட்டது, பணியாளர் என்ன செய்தார், கடைசியில் தட்டியது யார் கை என்று மூன்றே கட்டம். பெயர் எழுத வேண்டாம். அந்த நோட்டோடு பணியாளர்களை உட்காரவைத்து, இதில் எதற்கு நமக்குப் பதில் தெரியவில்லை என்று கேளுங்கள். பயிற்சிக்கு ஆள் தேடும்போது அந்த நோட்டையே அவர் கையில் கொடுத்து, "இதில் உங்களால் எது முடியும்?" என்று கேட்கலாம். சிலைடுகளை எடுத்துக் காட்டுபவரை விட்டுவிடுங்கள். நோட்டைப் புரட்டிப் படித்துவிட்டு எதிர்க் கேள்வி கேட்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.